நிலக்கோட்டை மாயக்காள் நிஜமா?

அத்தியாயம் ஆறு

மரியராஜைக் கொன்றது ஒரு பாராட்டு விழா.

அந்த விழாவில் கொடுத்த பித்தளைக் கேடயம் நாலரைக் கிலோ. சென்னையிலிருந்து வரும் பெரிய நாளிதழ் ஒன்றுக்காகத் தில்லியில் உட்கார்ந்து இருபத்தைந்து வருடம் தேசிய அரசியல் எழுதியவர் மரியராஜ். தேர்தல் செய்தி சேகரிக்கச் சொந்த ஊரான திண்டுக்கல்லுக்கு வந்திருந்தார். நேற்று மதியம் கேடயத்தைக் கையில் வாங்கினார். அன்றைக்கே லாட்ஜ் அறையில் அதைத் தலையில் வாங்கினார். பதினோரு அடி. ‘தேசத்தின் பேனா’ என்று ஒட்டியிருந்த எழுத்துகளில் ‘பேனா’ கழன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. ‘தேசத்தின்’ அவர் நெற்றியில் பதிந்திருந்தது, கண்ணாடியில் காட்டிப் படிக்கிற மாதிரி.

கிளாரா டீச்சரின் உதவியாளன் பிராங்கிளின் பிணத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த முட்டை பப்ஸைக் காகிதத்தில் மடித்து வைத்தான். பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்து.

“வலது கையா, எடது கையான்னு கேட்டாங்க டீச்சரம்மா,” என்றாள் இன்னாசியம்மாள். கொலைக் கேஸில் பிடிபட்டிருக்கும் கார் டிரைவர் பவுல்ராஜின் மனைவி.

“யாரு கேட்டா?” என்றார் கிளாரா டீச்சர்.

“ஸ்டேஷன்ல ஒரு ஏட்டு. தங்கமான மனுசன். டீ வாங்கிக் குடுத்து, ஒங்க வீட்டுக்காரருக்கு எந்தக் கை பழக்கம்னு கேட்டாரு. சோத்துக் கைதான்யான்னு சொல்லிப்புட்டேன். வெளிய வந்த பெறகுதான் எனக்கு வெளங்குச்சு.”

பிராங்கிளினுக்கும் விளங்கியது. காவல் நிலையக் கழிப்பறையைப் போல வழுக்குகிற தரை வேறெங்கும் கிடையாது. கைதானவர் உள்ளே போவார், வழுக்கி விழுவார், மாவுக்கட்டோடு வெளியே வந்து போட்டோவுக்கு நிற்பார். அதே தரையில் நடக்கிற போலீஸ்காரர்கள் மட்டும் வழுக்குவதில்லை. டிரைவருக்கு வலது கை போனால் அப்புறம் அவர் வெறும் பவுல்ராஜ்.

“எத்தன மணிக்கு ஜட்ஜுகிட்ட கொண்டுபோறாங்களாம்?” என்றார் டீச்சர்.

“ஆறு மணிக்கு.”

“அப்ப அஞ்சரைக்கு வழுக்கும்,” என்றான் பிராங்கிளின். டீச்சர் பார்த்த பார்வையில் வாயையும் மடித்து வைத்தான்.

கிளாரா இருபத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள், மீதிப் பேர் காப்பியடித்து மாட்டியவர்கள். இந்தக் கேஸைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் அமலன் இரண்டு கட்சியிலும் உறுப்பினர்.

“கேஸ் என்னலே, சுருக்கமாச் சொல்லு.”

“பவுல்ராஜ் ரெண்டரைக்கு லாட்ஜை விட்டுக் கெளம்பி, எடிட்டருக்குப் பஞ்சாமிர்தம் வாங்கப் பழனி போயிருக்காரு. கேமரா, பில்லு எல்லாம் சுத்தம். ஆறு இருபதுக்குத் திரும்பி மாடி ஏறியிருக்காரு. கதவைத் தட்டினேன், தெறக்கல, டப்பாவை வாசல்ல வச்சுட்டு வந்துட்டேன்கிறாரு. எட்டு மணிக்குப் பொணத்தைப் பாத்திருக்காங்க. ஏசி பதினாறுல ஓடிக்கிட்டு இருந்ததால, எப்பச் செத்தாருன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு.”

“மத்தியானம் பூரா யாரும் மாடிக்குப் போகலையா?”

“முப்பது பேர். கட்சிக்காரங்க, சால்வைக்காரங்க, நிருபருங்க. ஆனா ஆறு பத்துக்கு மரியராஜ் மெயில்ல இருந்து பத்திரிகைக்குச் செய்தி போயிருக்கு. செத்தவர் செய்தி அனுப்ப மாட்டாரு. அதுக்கப்புறம் மேல ஏறுன ஒரே ஆளு பவுல்ராஜ்.”

“ஆக, அந்தச் செய்திதான் இவரைப் பிடிச்சுக் குடுக்குது.”

டீச்சர் அன்றைய பேப்பரை விரித்தார். முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம் கட்டி, ‘மரியராஜின் கடைசிச் செய்தி’. காலையிலிருந்து டிவியில் ஆளாளுக்கு அதை வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மாயக்காள், வயது அறுபத்திரண்டு, சொல்கிறாள்: ‘மொட்டா இருக்கிற வரைக்கும்தான் எடை போடுவாங்க. பூத்துட்டா குப்பை. ஓட்டுப் போடுற நாள் வரைக்கும்தான் நாமளும் மொட்டு.’ சின்னாளபட்டி நெசவாளி பொன்னுச்சாமி, வயது ஐம்பத்து நான்கு, சொல்கிறார்: ‘சுங்கடியில முடிச்சை அவுத்தாத்தான் புள்ளி தெரியும். இவங்க முடிச்ச சேலையையே காட்டி, உள்ள பத்தாயிரம் புள்ளி இருக்குன்னு ஓட்டுக் கேக்குறாங்க.’

“நல்லாத்தான் இருக்கு,” என்றான் பிராங்கிளின்.

“அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு,” என்றாள் இன்னாசியம்மாள். “எங்க வீட்டுக்காரரு ஆறு எலெக்சனா அவருக்கு வண்டி ஓட்டுறாரு. சாரு ஒரு எடத்துலயும் எறங்க மாட்டாரு. வெயிலு ஆகாதாம். ஏசியப் போட்டு உக்காந்துக்கிட்டு, ‘ஏம் பவுலு, ஜனம் என்ன நெனைக்குது’ன்னு இவரத்தான் கேப்பாரு. இவரு என்னத்தச் சொன்னாலும் எழுதிக்குவாரு.”

டீச்சரின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

“பிராங்கு, வண்டிய எடு. நிலக்கோட்டை.”

மாடிப்படியில் இறங்கும்போதே பிராங்கிளினுக்குக் கணக்கு விடை தெரிந்துவிட்டது. “மாயக்காள்னு ஒருத்தி இல்லேன்னா செய்தி டுபாக்கூர். டுபாக்கூர்னா எவனோ சும்மா இட்டுக்கட்டி அனுப்பியிருக்கான். பவுல்ராஜ் கை தப்பிச்சது. சரிதானே டீச்சர்?”

“ஒன் விடை ஒருநாளும் சரியா இருந்ததில்ல. ஓட்டு.”

*

பூ மார்க்கெட்டில் காலை வியாபாரம் முடிந்து, மிச்சப் பூவும் சாக்குமாக வாடிக்கிடந்தது. ஒரு கடை மட்டும் புயலடித்த மாதிரி இருந்தது. தராசு வளைந்து, தகரம் பிய்ந்து, மல்லிகையின் மேல் யார் யாருடைய செருப்புத் தடமோ.

அதன் முன்னால் மூட்டை தூக்கும் இளைஞன் ஒருவன் நின்றான். பனியனில் ரத்தம் காய்ந்திருந்தது. கூட நின்றவர்கள் அவனை அஜித் என்று கூப்பிட்டார்கள். பிராங்கிளின் பேப்பரை நீட்டி, மிகுந்த மரியாதையோடு ஆரம்பித்தான்.

“அண்ணே, இதுல மாயக்காள்னு போட்டிருக்கான். அப்படி ஒரு ஆளே கெடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா…”

வார்த்தை வரவில்லை. கை வந்தது. முதல் குத்து தாடையில். இரண்டாவது எங்கே என்று பிராங்கிளின் யோசிப்பதற்குள் மூன்றாவது வந்து இரண்டாவதன் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. பூச்சாக்குகளின் மேல் மல்லாந்து விழுந்தான். வாயிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்து மல்லிகை மொட்டுகளோடு கலந்தது. மொட்டு என்று நினைத்தான். நாக்கால் துழாவிப் பார்த்தபோது, பல்.

“எங்க அத்தை இல்லேன்னு சொல்லச் சொல்லுதியா? காலையில வந்து அடிச்சது பத்தாதுன்னு, ஆளே இல்லேன்னு எழுதி வாங்க வந்திருக்கியா?”

“விடுலே அஜித்து.” பின்னாலிருந்து ஒரு குரல். இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்க, கையைத் தூளி கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். “நாந்தேன் மாயக்கா. என்ன வேணும் அப்பு?”

“நீங்க இருக்கக் கூடாதேக்கா,” என்றான் பிராங்கிளின், பல் இருந்த ஓட்டை வழியாக.

அதற்கு ஒரு உதை கிடைத்தது, விலாவில். இது அவனுக்கே நியாயமாகப் பட்டது.

கதை எளிது. காலை ஆறரை மணிக்கு, பேப்பர் வந்த சூட்டோடு, கட்சிக்காரர்கள் எட்டுப் பேர் உருட்டுக்கட்டையோடு வந்தார்கள். “யாருடி மாயக்காள், யாருடி மொட்டு” என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். பேப்பரில் கடை அடையாளம் வரைக்கும் துல்லியமாக இருந்ததால் யாரையும் மாற்றி அடிக்கவில்லை.

டீச்சர் மாயக்காளைத் தனியே அழைத்துப்போய்ச் சற்று நேரம் பேசினார். பிராங்கிளின் பூப்பெட்டியிலிருந்த ஐஸை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாயக்காள் இருக்கிறாள். அடிபடுகிற அளவுக்கு இருக்கிறாள். அப்படியென்றால் செய்தி நிஜம். செய்தி நிஜமென்றால் மரியராஜ் ஆறு பத்து வரை உயிரோடிருந்தார். பவுல்ராஜின் வலது கை, பாவம்.

சின்னாளபட்டியில் அவனுக்கு இன்னும் மோசமான செய்தி காத்திருந்தது. பொன்னுச்சாமியும் இருந்தார். தறிக்கூடத்தில், மண்டையில் ஆறு தையலோடு. “வெட்டியிருப்பானுக, தறிக் கட்டை குறுக்க நின்னுருச்சு,” என்றார். சேலைப் பாவில் ரத்தம் தெறித்த இடத்தைப் பார்த்து, “இது எந்த டிசைன்னு விக்கிறது” என்று அவர் மனைவி அலுத்துக்கொண்டாள்.

மணி மூன்றேகால். பிராங்கிளின் வண்டியை ஸ்டாண்டு போட்டு அதிலேயே சாய்ந்தான்.

“முடிஞ்சது டீச்சர். ரெண்டு பேரும் இருக்காங்க. பவுல்ராஜ் எடது கையால சாப்புடப் பழகட்டும்.”

டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சிரித்ததே நான்கைந்து முறைதான், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பையன் டிசியோடு வீட்டுக்குப் போனான்.

பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்து நீட்டினார். வரும் வழியில் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த மரியராஜின் பழைய செய்திகள். இருபத்தைந்து வருடத்துச் சரக்கு. “படி. ஜனங்க சொன்னதா இருக்கிறத மட்டும் படி.”

பிராங்கிளின் படித்தான். “உத்தரப் பிரதேசக் கரும்பு விவசாயி: ‘இந்த ஆட்சி செகண்டு கியர்லயே முனகிக்கிட்டு இருக்கு.’ பீகார்ப் பள்ளி ஆசிரியர்: ‘எதிர்க்கட்சின்னா ஸ்டெப்னி மாதிரி, தேவைப்படுறப்பத்தான் காத்து இல்லேன்னு தெரியும்.’ ஒடிசா மீனவர்: ‘பிரேக் ஷூ தேஞ்ச கூட்டணி.’ நெய்க்காரப்பட்டி விவசாயி: ‘ரிவர்ஸ்லயே எம்புட்டு தூரம் போறது?’” நிமிர்ந்தான். “என்ன டீச்சர், நாடு பூரா ஒரே மாதிரி பேசுது?”

“நாடு பேசலலே. டிரைவர் பேசுறாரு. போன போன ஊர்ல எவன் வண்டி ஓட்டுனானோ, அவன் சொன்னதைத்தான் விவசாயி, மீனவர்னு பேர் வச்சு எழுதியிருக்காரு மரியராஜ். இருபத்தஞ்சு வருசமா ஒரு நிஜ ஆளைக்கூட அவரு பாத்து எழுதல. அதான் அவரு எழுதுனதுக்கு ஒரு ஆளும் அடி வாங்குனதில்ல. இல்லாத ஆளை எப்படி அடிப்பான்?”

பிராங்கிளினுக்கு வலி மறந்தது.

“பள்ளிக்கூடத்துல காப்பியடிச்ச பேப்பரை நான் எப்படிப் பிடிப்பேன்னு நெனைக்கிற? தப்பு விடைய வச்சு இல்ல. எப்பவும் தப்பா எழுதுறவன் ஒருநாள் முழுசாச் சரியா எழுதினான்னா, அது அவன் பேப்பர் இல்ல. மாயக்கா இல்லாம இருந்திருந்தா, அது மரியராஜ் எழுதுனதுதான். பவுல்ராஜுக்குக் கை போயிருக்கும். மாயக்கா இருக்கா. பூக்காரி பூவைப் பத்திப் பேசுறா, நெசவாளி சேலையப் பத்திப் பேசுறாரு. இது கால் நடையா நடந்து, கேட்டு, வயசை விசாரிச்சு எழுதுனவன் வேலை. ஆறு பத்துக்கு அனுப்புனவன் வேற ஆளு. அப்ப மரியராஜ், பவுல்ராஜ் திரும்பி வர்றதுக்கு முன்னாலயே பொணம்.”

“ஆளு யாருன்னு மாயக்கா சொல்லிச்சா?”

“வெயிலுக்கு மூஞ்சில துண்டு சுத்தியிருந்தானாம். சொன்னதை மூணு தரம் திருப்பிக் கேட்டானாம். வேற ஒண்ணும் தெரியல. ஊர்ல அறுபது நிருபர் இருக்காங்க.”

“அறுபது பேரையும் எங்க போய்த் தேட?”

“தேட வேணாம். நாலு மணிக்கு இரங்கல் கூட்டம்.”

*

கல்யாண மண்டபத்தில் அறுபது நிருபர்களும், அறுபது கேமராவும், மாலை போட்ட படமாக மரியராஜும் இருந்தார்கள். கட்சிக்கு ஒருவராகப் பேசினார்கள். காலையில் மாயக்காளை அடிக்க ஆளனுப்பிய கட்சியின் மாவட்டச் செயலாளர், ‘மொட்டு’ வரியைச் சொல்லித் தழுதழுத்தார்.

நாலே முக்காலுக்கு டீச்சர் மேடையேறினார். கூப்பிடாமல் ஏறினாலும் அவரைத் தடுக்கிற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

“மரியராஜ் நல்ல கற்பனைக்காரர்,” என்றார் மைக்கில். “கடைசிச் செய்தியும் கற்பனைதான். நான் இன்னைக்கு நிலக்கோட்டை போய்ப் பாத்தேன். மாயக்காள்னு அங்க யாரும் இல்ல. சின்னாளபட்டியில பொன்னுச்சாமியும் இல்ல. ஒரு பூக்காரி அப்படியெல்லாம் பேசுவாளா என்ன? எல்லாம் இட்டுக்கட்டுனது.”

ஐம்பத்தொன்பது பேர் அதை அப்படியே குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் எழுந்தார்.

அசோக்குமார். நாற்பத்தைந்து வயது, தேய்ந்த காலர். அதே நாளிதழுக்குப் பதினெட்டு வருடமாகத் திண்டுக்கல் பகுதிநேர நிருபர். அவர் பெயர் பேப்பரில் வந்ததே கிடையாது என்பதால், எழுந்து நின்றது யார் என்று பக்கத்து நாற்காலிக்காரரே விசாரித்தார்.

“மாயக்கா இருக்கா டீச்சர்,” என்றார் அசோக்குமார். சத்தமே இல்லாமல். “தெக்கு வரிசை, தகரக் கொட்டகை, மூணாவது கடை. அறுபத்திரெண்டு வயசு. ரேஷன் கார்டைப் பாத்து எழுதுனது.”

“யாரு பாத்து எழுதுனது அசோக்கு?”

அசோக்குமார் தன் வாயைத் தானே பார்க்க முயல்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் கீழே பார்த்தார். பிறகு நடந்து மேடைக்கு வந்தார். ஓடுவார் என்று எதிர்பார்த்துப் பிராங்கிளின் வாசலை மறித்து நின்றிருந்தான். தப்பு விடை.

“மூணு நாளு டீச்சர்,” என்றார் மைக் முன்னால். “கொளுத்துற வெயில்ல மூணு நாளு அலைஞ்சேன். பதினெட்டு வருசமா நான் எழுதி அனுப்புறது, பேரே இல்லாமக் கொஞ்சம், குப்பையில கொஞ்சம். இதுல மட்டும் கடைசியில எம் பேரைப் போடுங்க சார்னேன். அவரு பேனாவ எடுத்துப் பதினோரு வரியை வெட்டினாரு. ‘பூக்காரி இப்படிப் பேச மாட்டாய்யா, எவன் நம்புவான்’னு சொல்லி, மாயக்கா வாயில ‘கிளட்ச்சு போன ஆட்சி’ன்னு எழுதுனாரு. கேடயம் பக்கத்துலதான் இருந்துச்சு.”

அறுபது கேமராவும் விழித்துக்கொண்டன.

“அவரு போன் எங்கிட்ட இருந்துச்சு. ஆறு பத்துக்குப் பொதுக்கூட்டத்துல பத்திரிகையாளர் வரிசையில ஒக்காந்துக்கிட்டு அனுப்புனேன். தப்பிக்கத்தான் அனுப்புனேன். ஆனா வெட்டாம, முழுசா.”

பிராங்கிளின் மெல்ல மேடையேறிப் பின்பக்கமாக அவர் தோளைத் தொட்டான். அது அடுத்த தப்பு விடை. அசோக்குமார் மைக் ஸ்டாண்டைப் பிடுங்கிச் சுழற்றினார். இரும்பு அடிப்பாகம் பிராங்கிளினின் தோள்பட்டையில் இறங்கியது. மைக் ஆனில் இருந்ததால் ‘நொறுக்’ என்ற சத்தம் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களில் கேட்டது. அடுத்தது முழங்காலில், எதிரொலியோடு. விழுந்தவன் மாலை போட்ட படத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கண்ணாடி உடைந்து உள்ளங்கையில் ஏறியது. தலைக்கு நேரே ஸ்டாண்டு மூன்றாம் முறை எழுவதை, தேசத்தின் நான்காவது தூண் முழுவதும் மொபைலைக் குறுக்காகப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லி ஒருவர் கையும் காட்டினார்.

கிளாரா டீச்சர் கைப்பையைச் சுழற்றி அசோக்குமாரின் காதோரம் ஒரே ஒரு அடி வைத்தார். பைக்குள் அலுவலகக் கதவின் பூட்டு இருந்தது. திண்டுக்கல் பூட்டு, ஒன்றேகால் கிலோ. அசோக்குமார் மடங்கி உட்கார்ந்தார். காதிலிருந்து ரத்தம் வழிந்து தேய்ந்த காலரை நனைத்தது.

“டீச்சர்,” என்றார் அங்கிருந்தே, “நாளைக்கு அந்தச் செய்திக்குத் திருத்தம் போடுவாங்களா? எம் பேரைப் போட்டு?”

டீச்சர் போனை எடுத்தார். மணி ஐந்து ஐந்து.

“அமலா, கணக்கு டீச்சர் பேசுறேன். பவுல்ராஜ் கை எப்படி இருக்கு?”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். “டீச்சர், அது… பேப்பர் எல்லாம் ரெடி பண்ணியாச்சு. டைம் மட்டும்தான் போடணும்.”

“வழுக்கி விழுறதுக்கு முன்னாலயே எழுதி வச்சிட்டியா? நீ அப்பவும் கேள்வித்தாள் வர்றதுக்கு முன்னால விடை எழுதுறவன்தானே. அதைக் கிழி. கொலைகாரனைக் கூட்டிக்கிட்டு வாரேன். பின்னாடி அறுபது கேமராவும் வருது. பவுல்ராஜுக்கு ரெண்டு, அசோக்குமாருக்கு ரெண்டு. நாலு கையும் நாளைக்கும் நாலாவே இருக்கணும். நான் வந்து எண்ணுவேன்.”

*

ஐந்தே முக்காலுக்குப் பவுல்ராஜ் ஸ்டேஷன் படியில் இறங்கினார். பாதம் இரண்டும் பணியாரமாக வீங்கியிருந்ததால் கால் பெருவிரலை ஊன்றி, இல்லாத பந்து ஒன்றின் மேல் நடப்பவர் மாதிரி வந்தார். உதடு கிழிந்திருந்தது. நிருபர்கள் மைக்கை நீட்டி, நாட்டின் அரசியல் நிலவரம் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் கூட்டத்தில் இன்னாசியம்மாளைத் தேடினார்.

இன்னாசியம்மாள் அழவில்லை. கூட்டத்தை முழங்கையால் தள்ளிக்கொண்டு போய் அவர் வலது கையைப் பிடித்தாள். புரட்டிப் பார்த்தாள், மணிக்கட்டை அழுத்திப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு விரலாக இழுத்துச் சொடக்கு எடுத்தாள். கட்டை விரல் சொடக்கு விட்டது. ஆள்காட்டி விட்டது. நடுவிரல், மோதிர விரல், இரண்டும் விட்டன. சுண்டு விரல் விடவில்லை. அவள் முகம் மாறியது. திரும்ப இழுத்தாள்.

“அது கலியாணத்தன்னைக்கே விடலடி,” என்றார் பவுல்ராஜ்.

அவள் நம்பவில்லை. இன்னொரு முறை இழுத்துக்கொண்டிருந்தாள்.